அட்டை மாறினால் மருந்தும் மாறுமா? தைராய்டு மாத்திரை கடந்து வரும் ஆய்வுக்கூடச் சோதனைகள்

அரசாங்க கிளினிக்கின் மருந்து முகப்பில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "போன தடவை கொடுத்தது வேற அட்டையாச்சே, இதுவும் அதே தைராய்டு மாத்திரைதானா?" மருந்தாளர், "அதே மருந்துதான்மா, கம்பெனி மட்டும் மாறியிருக்கு" என்பார். பின்னால் இருபது பேர் வரிசை பிடித்து நிற்கும்போது அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரம் இருக்காது. கேட்டவரும் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார். சந்தேகம் மட்டும் வீடு வரைக்கும் கூடவே வரும்.

அந்தச் சந்தேகம் வீணானதல்ல. தைராய்டு மாத்திரை ஒரு ஹார்மோன் மாத்திரை. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடக்கூடிய மருந்து அல்ல அது. மாத்திரைக்குள் இருக்க வேண்டிய அளவு இருக்கிறதா என்பதை யார், எதை வைத்து, எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஒரு மாத்திரையில் உண்மையில் எவ்வளவு மருந்து?

கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி, தைராக்சின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடலின் சூடு, இதயத் துடிப்பு, செரிமானம், மனத்தின் சுறுசுறுப்பு எல்லாம் இதன் பிடியில் இருக்கின்றன. சுரப்பி சோர்ந்துபோனாலோ, அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்டாலோ, அதே ஹார்மோனை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். அதுதான் லெவோதைராக்சின். பெரும்பாலோர் அதை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டியிருக்கும்.

தொடக்கத்தில் இது ஆட்டிலிருந்து வந்தது. 1891இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். 1914 டிசம்பர் 25ஆம் தேதி, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1927இல் அதைச் செயற்கையாகச் செய்யும் வழி பிறந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், காயவைத்து அரைத்த விலங்குச் சுரப்பியே மாத்திரையாக விற்கப்பட்டது. அதில் எவ்வளவு அயோடின் இருக்கிறது என்று மட்டும் அளப்பார்கள். அயோடினை அளந்தால் ஹார்மோனை அளந்ததாகிவிடாது என்பது பிறகுதான் உறைத்தது.

இன்று நம் கைக்கு வரும் மாத்திரைகளில் 25, 50, 100 மைக்ரோகிராம் என்று எழுதியிருக்கும். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமோல் மாத்திரையில் 500 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. 100 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரையில் இருப்பது அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு.

மாத்திரையின் எடை 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் மருந்து ஆயிரத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் மாவு, சர்க்கரை வகை, செல்லுலோஸ் போன்ற நிரப்புப் பொருள்கள். பத்து லட்சம் மாத்திரை செய்ய வேண்டுமானால் 100 கிலோ தூளில் 100 கிராம் மருந்தைக் கலக்க வேண்டும். தைப்பூசத்துக்குப் பந்தல் போட்டு அண்டா அண்டாவாகச் சாம்பார் வைத்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். உப்பை ஒரு பக்கமாகக் கொட்டிவிட்டுச் சரியாகக் கிளறாவிட்டால் ஒரு வரிசைக்கு உப்பு கரிக்கும், அடுத்த வரிசைக்குச் சப்பென்றிருக்கும். சாம்பாரிலாவது உப்பு கரைந்து பரவ வழியுண்டு. உலர்ந்த தூளில் அதுவும் கிடையாது. நன்றாகக் கலந்த தூள்கூட இயந்திரக் குழாயில் இறங்கும்போது குலுங்கி, நுண்ணிய துகள் ஒரு பக்கமும் பெரிய துகள் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடலாம்.

அதனால் தைராய்டு மாத்திரையைத் தராசில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. மருந்தே இல்லாத மாத்திரையும் ஏறக்குறைய அதே எடைதான் இருக்கும். நிறமும் அதே, வடிவமும் அதே. அமெரிக்க மருந்துத் தரநூலும் மற்ற பெரிய தரநூல்களும் இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கின்றன. ஒரு மாத்திரையில் மருந்து 25 மில்லிகிராமுக்குக் குறைவாகவோ, மொத்த எடையில் 25 விழுக்காட்டுக்குக் குறைவாகவோ இருந்தால், எடையை மட்டும் பார்த்துத் தேர்ச்சி கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாகக் கரைத்து உள்ளே இருப்பதை அளக்க வேண்டும்.

சராசரி மறைக்கும் குறை

இருபது மாத்திரையை ஒன்றாக அரைத்து, அந்தத் தூளில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று பார்ப்பது பழைய முறை. இன்றும் அந்தச் சோதனை உண்டு, ஆனால் அது மட்டும் போதாது. பத்து மாத்திரையில் ஐந்தில் 80 விழுக்காடும் மற்ற ஐந்தில் 120 விழுக்காடும் மருந்து இருக்கிறது என்று வையுங்கள். ஒன்றாக அரைத்தால் சராசரி 100 வரும். தாளில் பார்த்தால் அப்பழுக்கில்லாத மருந்து. சாப்பிடுகிறவருக்கோ ஒரு நாள் குறைவு, மறுநாள் அதிகம்.

தனித்தனியாக அளக்கும்போது இந்த மறைப்பு கலைந்துவிடுகிறது. பத்து மாத்திரைகளின் சராசரி 100இலிருந்து எவ்வளவு விலகுகிறது, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறுகின்றன என்ற இரண்டையும் சேர்த்து ஓர் எண் போடுவார்கள். சிதறலை 2.4 மடங்காக்கிக் கூட்டுவது கணக்கு. அந்த எண் 15ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் இன்னும் இருபது மாத்திரைகளைச் சோதித்து, முப்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மேலே சொன்ன 80–120 கூட்டத்துக்கு அந்த எண் 50ஐத் தாண்டிவிடும். சராசரியில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாத்திரை இங்கே தோற்றுப்போகும்.

இந்தச் சோதனை 1960களின் நடுவில் அமெரிக்கத் தரநூல்களில் நுழைந்தது. அப்போது எழுந்த சிக்கல் அறிவியல் சிக்கல் அல்ல, ஆள் சிக்கல். ஒரு மாத்திரையைக் கரைத்து, வடிகட்டி, நிறமேற்றி, அளந்து முடிக்க வேதியியலாளருக்கு ஏகப்பட்ட நேரம் பிடிக்கும். ஒரு தொகுதிக்கு, அதாவது ஒரு பேட்சுக்கு, ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தவரிடம் பத்து, முப்பது என்று நீட்டினால் என்ன செய்வார்? கை சோர்ந்தால் கண்ணும் தவறும்.

அந்த இடத்தில்தான் இயந்திரம் வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லந்து நகரில் லியோனர்ட் ஸ்கெக்ஸ் என்பவர், மருத்துவமனை இரத்தப் பரிசோதனைகளுக்காக ஒரு கருவியை உருவாக்கியிருந்தார். 1957இல் டெக்னிக்கான் நிறுவனம் அதை ஆட்டோஅனலைசர் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் மாதிரித் திரவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒன்றோடு ஒன்று கலக்காமலிருக்க நடுநடுவே காற்றுக்குமிழி. இரயில் பெட்டிகள் போல வரிசையாக வந்து, போகிற வழியிலேயே இரசாயனம் சேர்ந்து, நிறம் மாறி, கடைசியில் ஒளியால் அளக்கப்பட்டுவிடும். இரத்தத்துக்குச் செய்த அந்தக் கருவியை மாத்திரைக் கரைசலுக்கும் பயன்படுத்தலாம் என்று மருந்து ஆய்வுக்கூடங்கள் விரைவிலேயே கண்டுகொண்டன. 1980களில் ரோபோ கைகள் ஆய்வுக்கூட மேசைக்கு வந்தன. மாத்திரையை எடுத்துப் போடுவது, கரைப்பது, வடிகட்டுவது வரை அவை ஏற்றுக்கொண்டன.

இன்றைய இயந்திரம் என்ன செய்கிறது?

தானியங்கிக் கருவியின் தட்டில் மாத்திரைகள் தனித்தனிக் குழிகளில் காத்திருக்கும. ஒவ்வொன்றாகக் கலனுக்குள் விழும். அளந்த கரைப்பான் சேரும். வேகமாகச் சுழலும் கத்தி மாத்திரையைத் தூளாக்கிக் கலக்கும். பிறகு வடிகட்டி, சுண்டுவிரல் உயரமுள்ள கண்ணாடிக் குப்பியில் நிரப்பப்படும். ஒவ்வொரு மாத்திரைக்கும் நடுவில் கலன் கழுவப்படுவது முக்கியம். முந்தைய மாத்திரையின் மிச்சம் அடுத்ததில் சேர்ந்தால் கணக்கே பொய்யாகிவிடும்.

அடுத்து வருவது உயர் அழுத்தத் திரவ நிறப்பிரிகை. ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் எச்பிஎல்சி என்றுதான் சொல்வார்கள். விரல் பருமனுள்ள ஓர் எஃகுக் குழாய்க்குள் மிக நுண்ணிய சிலிக்கா மணிகள் இறுக்கமாக நிரப்பப்பட்டிருக்கும். துளிக்கும் குறைவான மாத்திரைக் கரைசலை, பெரும் அழுத்தத்தோடு அதன் வழியே தள்ளுவார்கள். கரைசலில் உள்ள ஒவ்வொரு பொருளும் அந்த மணிகளில் ஒவ்வொரு விதமாக ஒட்டிக்கொண்டு, வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். வரும் வழியில் புற ஊதாக் கதிர் பாயும். மருந்து அதை உறிஞ்சும்போது கணினித் திரையில் ஒரு சிகரம் எழும். சிகரத்தின் பரப்பு எவ்வளவோ, மருந்தின் அளவும் அவ்வளவு.

இதில் ஒரு கூடுதல் நன்மை உண்டு. தைராக்சின் கெட்டுப்போகும்போது அதிலிருக்கும் நான்கு அயோடின் அணுக்களில் ஒன்று கழன்று லையோதைரோனின் என்ற வேறொரு ஹார்மோன் உருவாகலாம். அதுவும் உடலில் வேலை செய்யக்கூடியது, அதுவும் தைராக்சினைவிட வேகமாக. அயோடினை மட்டும் அளந்த பழைய முறைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எச்பிஎல்சியில் இரண்டும் தனித்தனிச் சிகரங்களாக வந்துவிடும்.

மாத்திரையைச் சோதிப்பதற்கு முன்னால் இயந்திரத்தையே சோதிக்க வேண்டும். தூய்மை உறுதிசெய்யப்பட்ட மருந்தை வைத்துச் செய்த அளவுக் கரைசலை ஐந்து அல்லது ஆறு முறை செலுத்துவார்கள். ஒரே கரைசல் என்பதால் ஒரே விடைதான் வர வேண்டும். வழக்கமாக 2 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அன்றைய வேலையைத் தொடங்கவே கூடாது. காய்கறிக் கடைத் தராசுக்குப் படிக்கல் எப்படியோ, அப்படி.

பத்து லட்சத்தில் பத்தை மட்டும் பார்த்தால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். சோதித்த மாத்திரை அழிந்துவிடுகிறது, எல்லாவற்றையும் சோதித்தால் விற்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் தயாரிப்பின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் மாதிரி எடுப்பார்கள். கலவை இயந்திரத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்தும் தூளை எடுத்துப் பார்ப்பார்கள். மாத்திரையை உடைக்காமல் அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் கருவிகளும் வந்திருக்கின்றன. ஆனால் மருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே இருக்கும் மாத்திரையில் அந்த முறை திணறும். தைராய்டு மாத்திரைக்கு இன்னும் கரைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

வயிற்றில் கரையுமா?

அளவு சரியாக இருந்தும் மாத்திரை கல் மாதிரி கரையாமல் வெளியேறினால் என்ன பயன்? இதற்குத்தான் கரைதிறன் சோதனை. ஆறு கண்ணாடிக் கலன்கள், ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 500 அல்லது 900 மில்லிலிட்டர் திரவம், உடற்சூட்டுக்கு ஒத்த 37 டிகிரி செல்சியஸ், மேலிருந்து இறங்கும் துடுப்பு நிதானமாகச் சுழலும். கலனுக்கு ஒரு மாத்திரை. குறித்த நேரத்தில் இயந்திரமே ஊசிக்குழாயை இறக்கி, திரவத்தை உறிஞ்சி, வடிகட்டி, குப்பியில் நிரப்பிவிடும்.

விதி 45 நிமிடத்தில் 80 விழுக்காடு என்றால், முதல் சுற்றில் ஆறு மாத்திரைகளும் தலா 85ஐத் தொட வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் ஆறு, அதற்கும் பிறகு தேவைப்பட்டால் பன்னிரண்டு. 100 மைக்ரோகிராம் முழுவதும் 500 மில்லிலிட்டரில் கரைந்தால்கூட, ஒரு மில்லிலிட்டரில் இருப்பது 0.2 மைக்ரோகிராம்தான். அதையும் இயந்திரம் கண்டுபிடித்து அளந்தாக வேண்டும்.

இந்தக் கருவி தொட்டாற்சிணுங்கி. திரவத்தில் காற்றுக்குமிழி இருந்தாலோ, மேசை அதிர்ந்தாலோ, துடுப்பு மயிரிழை சாய்ந்திருந்தாலோ விடை மாறும். எனவே கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, எப்படிக் கரையும் என்று முன்பே தெரிந்த ஒரு மாத்திரையைப் போட்டுப் பார்க்கிறார்கள். அமெரிக்கத் தரநூல் அதற்கு வைத்திருப்பதும் ஒரு ஹார்மோன் வகை மாத்திரைதான்: பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு.

அமெரிக்கா பட்ட பாடம்

இத்தனை கெடுபிடி ஏன் என்று கேட்டால், 1997இல் வெளியான ஓர் அரசாங்க அறிவிப்பைக் காட்டலாம். லெவோதைராக்சின் மாத்திரை 1950களிலிருந்தே அமெரிக்காவில் முறையான ஒப்புதல் இல்லாமல் விற்பனையில் இருந்தது. பழைய மருந்துதானே என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 1990க்கும் 1997க்கும் இடையில் பத்து முறையாவது மாத்திரைகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. 150 தயாரிப்புத் தொகுதிகள், 10 கோடிக்கும் மேற்பட்ட மாத்திரைகள். ஒரே ஒரு தடவையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: மருந்தின் வீரியம் குறைந்திருந்தது, அல்லது காலாவதி தேதி வரை நிற்கும் என்று உறுதி சொல்ல முடியவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, இதைப் புதிய மருந்தாகக் கருதி எல்லா நிறுவனங்களும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முதல் ஒப்புதல் 2000 ஆகஸ்டில்தான் கிடைத்தது.

அப்போதும் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. மாத்திரையில் 90 முதல் 110 விழுக்காடு வரை மருந்து இருக்கலாம் என்பது விதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலாவதியை நெருங்கும் அட்டையில் 90 விழுக்காடு மிஞ்சியிருந்து, அடுத்த மாதம் வாங்கும் புதிய அட்டையில் 110 இருந்தால்? இரண்டும் விதிக்கு உட்பட்டவைதான். சாப்பிடுகிறவருக்கோ மருந்து ஒரே நாளில் 22 விழுக்காடு கூடிவிட்டது. வயதானவருக்குப் படபடப்பு, தூக்கமின்மை, கைநடுக்கம் வர இது போதும். 2007 அக்டோபரில் எஃப்டிஏ வரம்பை 95 முதல் 105 விழுக்காடாகச் சுருக்கியது. காலாவதி தேதி வரைக்கும் மாத்திரை அதற்குள் நிற்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தைராக்சினின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் இன்று கொஞ்சம் கூட, நாளை கொஞ்சம் குறைவு என்றால் உடலே அதைச் சமன்செய்துகொள்ளும். பெரிய ஆபத்து, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒரே பக்கமாகக் குறைந்துபோகும் அட்டைதான். நோயாளிக்குச் சோர்வு வரும், எடை கூடும். அவரோ வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

குழந்தைகளுக்கு அந்தத் தாமதம்கூடக் கூடாது. நம் நாட்டு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்துத் தைராய்டு பரிசோதனை செய்வது இதற்காகத்தான். சுரப்பி வேலை செய்யாத குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் என்ற கணக்கில் மருந்து தொடங்குவார்கள். மூன்று கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 மைக்ரோகிராம். மாத்திரையைப் பொடித்து, கரண்டியில் சில துளித் தண்ணீரில் கலந்து கொடுக்கிறார் தாய். மூளை வளரும் முதல் மாதங்கள் அவை. அந்தப் பொடியில் எழுதியபடி மருந்து இருக்கிறதா என்று அவரால் பார்க்க முடியாது.

நம் வெயிலும் ஈரமும்

தைராக்சினுக்கு வெளிச்சம், சூடு, ஈரம் மூன்றும் ஆகாது. நிரப்புப் பொருளே கூட அதைக் கெடுக்கலாம். நமக்கோ ஆண்டு முழுவதும் சூடும் ஈரமும்தான். எனவே ஆசியான் நாடுகளில் விற்கும் மாத்திரைகளை 30 டிகிரி செல்சியஸ், 75 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையில் மாதக்கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது பொது வழிகாட்டி. கூடவே 40 டிகிரியில் ஆறு மாதம். குறித்த மாதங்களில் மாத்திரையை வெளியே எடுத்து, மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றையும் திரும்பச் செய்வார்கள். குளிர்நாட்டுக் கணக்கில் போட்ட காலாவதி தேதி இங்கே செல்லாது.

மலேசியாவில் இந்தத் தாள்களையெல்லாம் ஆராய்ந்து பதிவு கொடுப்பது சுகாதார அமைச்சின் கீழ் பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ. 1978இல் மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய அமைப்பு அது. சந்தையிலிருந்து மாதிரிகளை எடுத்துத் தன் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதும் அதன் வேலை. சிங்கப்பூரில் அந்தப் பொறுப்பு சுகாதார அறிவியல் ஆணையத்துடையது.

இயந்திரம் இருந்தும் ஏமாற்ற முடியுமா?

முடியும். 1993இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி நீதிமன்றத்தில், அரசாங்கம் பார் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் நீதிபதி ஆல்ஃபிரட் வோலின் அளித்த தீர்ப்பு, மருந்து ஆய்வுக்கூடங்களில் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. சோதனை தோற்றால், தேர்ச்சி வரும் வரை மறுபடி மறுபடி சோதிப்பதும், தோற்ற விடையை நல்ல விடைகளோடு சேர்த்துச் சராசரி போட்டு மறைப்பதும் செல்லாது என்பது அதன் சாரம். தோல்விக்கு ஆய்வுக்கூடத் தவறு காரணமா, மாத்திரையே காரணமா என்று விசாரித்து எழுதி வைக்க வேண்டும்.

கணினி வந்தபிறகு ஆசைகாட்டல் வேறு வடிவம் எடுத்தது. பிடிக்காத கோப்பை அழித்துவிடலாம், கணினியின் தேதியை மாற்றலாம், பரீட்சார்த்தம் என்று பெயர் வைத்து முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு நல்லது வந்தால் மட்டும் பதிவு செய்யலாம். இதனால் இன்றைய எச்பிஎல்சி மென்பொருளில் யார், எப்போது, எதைத் தொட்டார் என்பது அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும். அதிகாரிகள் தொழிற்சாலைக்குப் போனால் முதலில் கேட்பதே அந்தப் பதிவைத்தான்.

சோதனையில் தேறிய மாத்திரையும் எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லாது. 2017இல் பிரான்ஸில் லெவோதைராக்ஸ் என்ற பெயரில் விற்ற மாத்திரையில், நீண்ட நாள் கெடாமலிருக்க லாக்டோஸை எடுத்துவிட்டு மன்னிடோலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். மருந்து அதேதான். ஆய்வுக்கூடச் சோதனையிலும் குறையில்லை. ஆனால் தலைசுற்றல், சோர்வு, முடி உதிர்வு என்று ஆயிரக்கணக்கானோர் புகார் செய்தனர். அந்த ஆண்டே பழைய கலவையை மறுபடி இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. கலவை மாறுகிறது என்பதை முன்பே நோயாளிகளிடம் தெளிவாகச் சொல்லவில்லை என்பதே பெரிய குற்றச்சாட்டு. என் பார்வையில், மருந்து முகப்பில் கேட்கும் அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

சோதனையே இல்லாத ஹார்மோன்

இவ்வளவும் பதிவு பெற்ற மாத்திரைக்கு. இன்னொரு பக்கம், மூட்டுவலிக்கு மூலிகை என்று இரவுச் சந்தையிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் கேப்சூல்கள் இருக்கின்றன. அவற்றில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஒளிந்திருந்ததாக மலேசிய, சிங்கப்பூர் அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும். நல்ல மருந்து என்று அக்கம்பக்கமும் வாங்கும். மாதங்கள் போனால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், உடலின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பும் நின்றுபோகும். அந்த நிலையில் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கேப்சூலோடு மருத்துவரைப் போய்ப் பார்ப்பதே வழி.

பதிவு பெற்ற பொருளில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி எட்டு இலக்கங்களும், கடைசியில் வகையைக் காட்டும் எழுத்தும் இருக்கும். பாரம்பரிய மருந்துக்கு அந்த எழுத்து 'டி'. என்பிஆர்ஏ இணையத்தளத்தில் எண்ணைத் தட்டினால் பொருளின் பெயர் வர வேண்டும். வேறு பெயர் வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

தொழிற்சாலையில் 95க்கும் 105க்கும் நடுவில் நிறுத்திய மாத்திரையை நாம் அடுப்புப் பக்கத்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பவர்களும் உண்டு. அட்டையிலிருந்து எல்லாவற்றையும் உரித்துப் பழைய போத்தலில் போட்டு வைப்பது பாட்டிமார் வழக்கம். அப்படிச் செய்யாமல், சாப்பிடும் நேரத்தில் மட்டும் பிதுக்கி எடுங்கள். வாரப் பெட்டியில் போட்டாக வேண்டுமானால் ஒரு வாரத்துக்கு மட்டும் போடுங்கள். அட்டையில் 25 டிகிரி என்று போட்டிருக்கிறதா, 30 என்றா என்று பார்த்து, வீட்டின் குளிர்ச்சியான, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் சாப்பிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துப் பசியாறலாம். காப்பியோடு விழுங்கினால் மருந்து உடலில் ஏறுவது குறையும். தே தாரேக்கும் பசியாறும் நேரம் வரை காத்திருக்கட்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே கொடுத்திருப்பார்கள்.

கம்பெனி மாறியிருந்தால் அந்தத் தேதியையும் புதிய அட்டையின் பேட்ச் எண்ணையும் கிளினிக் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அட்டையைக் கத்தரிக்கும்போது அந்த எண் இருக்கும் ஓரத்தைக் கடைசி வரை வைத்திருங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கு முன் எடுத்தால் அளவு நிலைப்பட்டிருக்காது. இடையில் படபடப்போ, வழக்கத்தை மீறிய சோர்வோ வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், பழைய அட்டை, புதிய அட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு மருந்தாளரிடம் போங்கள். பேட்ச் எண் கையில் இருந்தால்தான் அவரால் என்பிஆர்ஏவுக்குப் புகார் அனுப்ப முடியும், அந்தத் தொகுதியை ஆய்வுக்கூடத்தில் மறுபடி சோதிக்கவும் முடியும்.